129 டன் எடையுள்ள ஒரு மேடை

1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் புல்மன் கம்பெனி ஆறு சலூன் பெட்டிகளைச் செய்து முடித்தது. காசுள்ளவர்கள் வாடகைக்கு எடுத்து, போகிற ரயிலின் வாலில் கோத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கான பெட்டிகள் அவை. ஆறுக்கும் தேசாந்திரிகளின் பெயர்களை வைத்தார்கள்: மார்க்கோ போலோ, டேவிட் லிவிங்ஸ்டன், ஹென்றி ஸ்டான்லி, ராபர்ட் பியரி, ரோல் அமுண்ட்சன், ஃபெர்டினாண்ட் மெகல்லன். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. சலூன் வாடகைக்கு எடுக்கக்கூடிய ஆட்களில் பலர் அந்த ஒரு வாரத்தில் சொத்தை இழந்தார்கள். பிறந்த நேரம் சரியில்லை என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த ராசி.

இந்த ஆறில் மெகல்லன் என்ற பெட்டியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அமெரிக்க அதிபர் தேர்தல் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகளில் பல இதற்குள்ளோ, இதன் பின்மேடையிலோ நடந்தவை. ஒரு ஜனநாயகத்தின் தலைவர்களைக் குண்டுகளிடமிருந்து ஒளித்து வைப்பதற்காகக் கவசம் பூட்டப்பட்ட பெட்டி, அந்தத் தலைவர்களை மக்களுக்கு மிக நெருக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திய பெட்டியாகவும் ஆனது. அந்த முரண்தான் இதன் வாழ்க்கை.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அதுவரை அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சாதாரணப் புல்மன் பெட்டிகளில்தான் போய்க்கொண்டிருந்தார். போர் வந்ததும் அவருடைய மெய்க்காவலர் மைக் ரெய்லி, பத்திரிகைச் செயலர் ஸ்டீவ் எர்லி இருவருக்கும் கவலை பிடித்துக்கொண்டது. புதிதாக ஒரு பெட்டி செய்யலாமா என்ற பேச்சு வந்தது. போர்க்காலத்தில் எஃகுக்கு இருந்த கிராக்கியில் அது நடக்காது. இருக்கிற பெட்டி ஒன்றை எடுத்து உள்ளும் புறமும் மாற்றிவிடலாம் என்று முடிவானது. மெகல்லன் மறுபடி பட்டறைக்குப் போனது.

திரும்பி வந்தபோது அது வேறு ஒரு ஜந்து. பக்கச் சுவர், தரை, கூரை, இரு முனைகள் எல்லாவற்றிலும் அரை அங்குலத்தைத் தாண்டிய தடிமனில் நிக்கல் எஃகுத் தகடு. ஜன்னல்களில் 12 அடுக்காக ஒட்டிய, 3 அங்குலத் தடிமனுள்ள குண்டு துளைக்காத கண்ணாடி. பெட்டி கவிழ்ந்தால் தப்பிக்க இரண்டு அவசர வழிகள். ஒன்று பின்பக்கக் கூடத்தின் கூரையில், மற்றது அதிபரின் குளியலறைச் சுவரில். ஐந்து படுக்கையறைகளை நான்காகக் குறைத்து, சாப்பாட்டு அறையையும் கூடத்தையும் பெரிதாக்கினார்கள். அதிபருக்கும் அவர் மனைவிக்கும் அடுத்தடுத்த அறைகள், நடுவில் தொட்டியோடு கூடிய குளியலறை. அறைக்கு ஓர் இணைப்பாகத் தொலைபேசி. நிலையத்தில் நின்றதும் வெளியே கம்பியை மாட்டினால் நாட்டின் எந்த மூலையோடும் பேசலாம். எடை 2,85,000 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 129 டன். அமெரிக்கத் தண்டவாளங்களில் ஓடிய பயணிப் பெட்டிகளில் இதுவே மிகக் கனமானது என்கிறார்கள். வெளிப்பக்கம் எழுதியிருந்த மெகல்லன் என்ற பெயரை அழித்துவிட்டு, மற்ற பெட்டிகளைப் போலவே ‘புல்மன்’ என்று மட்டும் விட்டார்கள். பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. 1942 டிசம்பரில் பெட்டி ரூஸ்வெல்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்பாடு அரசாங்கம் அதை முறைப்படி வாங்கியபோது கொடுத்த விலை ஒரு டாலர்.

இதற்கு முன்பும் ஓர் அதிபருக்கென்று பெட்டி செய்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போரின்போது ஆபிரகாம் லிங்கனுக்காக ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற பெயரில் ஒன்றைக் கட்டினார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அதில் ஏறவில்லை. 1865இல் அவருடைய சவப்பெட்டிதான் அதில் பயணம் செய்தது. அந்தப் பெட்டியும் 1911இல் மினியாபோலிஸ் அருகே தீயில் எரிந்துபோனது.

ரூஸ்வெல்ட்டுக்கு மெகல்லன் பிடித்திருந்தது. 1921இல் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்திருந்தன. ரயில் குலுங்கும்போது நாமெல்லாம் நம்மை அறியாமல் காலை ஊன்றிச் சமாளிக்கிறோம். அவரால் அது முடியாது. அதனால் ரயில் மணிக்கு 35 மைலுக்கு மேல் போவதை அவர் விரும்பவில்லை. பின்மேடையில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க மின்தூக்கி பொருத்தியிருந்தார்கள். இந்த மெதுவான ஓட்டத்திலேயே சுமார் 50,000 மைல் இதில் போயிருக்கிறார். பயணங்கள் பெரும்பாலும் ரகசியம். ஆனால் ரகசியத்துக்கு ஒரு பகை இருந்தது: அவருடைய ஸ்காட்டிஷ் டெரியர் நாய், ஃபாலா. நின்ற இடத்திலெல்லாம் அதை இறக்கி நடக்கவிட வேண்டும். நாடு முழுவதும் அறிந்த நாய் அது. பிளாட்பாரத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். மெய்க்காவலர்கள் அதற்கு ‘துப்பு சொல்லி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

1944 ஜூலையில் நடந்த பயணம்தான் என் பார்வையில் இந்தப் பெட்டியின் வாழ்வில் முக்கியமானது. பிற்பாடு வந்த, கடைசியில் சொல்லப்போகும் புகழ்பெற்ற புகைப்படத்தைவிடவும் முக்கியம் என்பேன். ரூஸ்வெல்ட் நான்காம் முறை நிற்கப் போகிறார். உடல் இற்றுக்கொண்டிருக்கிறது, அவர் நான்கு ஆண்டுகள் தாங்க மாட்டார் என்று கட்சிப் பெரியவர்களுக்குத் தெரியும். அப்படியானால் துணை அதிபர் வேட்பாளர் என்பது அடுத்த அதிபர் என்றே பொருள். அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸ் மிகவும் இடதுசாரி என்று அவர்களுக்கு ஒவ்வாமை. ஜனநாயகக் கட்சி மாநாடு சிகாகோவில் கூடவிருக்கிறது. ஜூலை 15 அன்று, மேற்குக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அதிபரின் ரயில் சிகாகோ ரயில் யார்டு ஒன்றில் ஓசையில்லாமல் வந்து நின்றது. கட்சித் தலைவர் ராபர்ட் ஹானெகனும் சிகாகோ மேயர் எட்வர்ட் கெல்லியும் மெகல்லனில் ஏறினார்கள். இறங்கியபோது ஹானெகனிடம் ஒரு கடிதத்துக்கான ஒப்புதல் இருந்தது: மிசூரி செனட்டர் ஹாரி ட்ரூமனோ உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸோ, இருவரில் யாருடனும் சேர்ந்து நிற்பதில் தமக்கு மகிழ்ச்சியே என்று ரூஸ்வெல்ட் எழுதுகிறார். டக்ளஸ் பெயர்தான் முதலில் இருந்தது, ஹானெகன் வந்து வரிசையை மாற்றித் தட்டச்சு செய்யச் சொன்னார் என்று அதிபரின் செயலர் கிரேஸ் டல்லி பிறகு எழுதினார். ஹானெகன் தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. எது உண்மையோ, முன்னால் நின்ற பெயர் ஜெயித்தது.

ட்ரூமன் அந்தப் பதவியைக் கேட்கவே இல்லை. வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சான் டியேகோ போய்ச் சேர்ந்த ரூஸ்வெல்ட் தொலைபேசியில் ஹானெகனை அழைத்து, போர் நடுவில் கட்சியை உடைப்பதானால் அந்தப் பழி ட்ரூமனுடையது என்று, பக்கத்தில் இருந்த அவருடைய காதிலும் விழும்படி சத்தம் போட்டார். இதை முதலிலேயே என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றாராம் ட்ரூமன்.

ஜூலை 20 இரவு ரூஸ்வெல்ட் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தினார். மாநாட்டு மேடையில் அல்ல. சான் டியேகோவில் நின்றிருந்த மெகல்லனுக்குள் உட்கார்ந்துகொண்டு, வானொலி வழியாக. சிகாகோ அரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஆளில்லாத குரலைக் கேட்டுக் கைதட்டினார்கள். அதே நாளில் அதற்கு முன்னால் அவருக்கு வலி வந்து முகம் வெளுத்துப் போனதாகவும், தம்மைப் பெட்டியின் தரையில் கிடத்தச் சொல்லிக் கண்மூடிக் கிடந்ததாகவும், யாரிடமும் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டதாகவும் மகன் ஜேம்ஸ் பல வருடம் கழித்து எழுதினார். பேச்சின்போது எடுத்த புகைப்படம் ஒன்றில் வாய் திறந்து, கன்னம் ஒட்டி, கிழடு தட்டிப் போயிருப்பார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அந்தப் படம் நன்றாகவே பயன்பட்டது. சுவரில் எத்தனை அங்குல எஃகு வைத்தாலும் கேமரா உள்ளே வந்துவிடுகிறது.

தேர்தலில் வென்றார். 1945 மார்ச் 29 அன்று மெகல்லனில் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸுக்கு ஓய்வெடுக்கப் போனார். ஏப்ரல் 12 அன்று அங்கேயே இறந்தார். திரும்பி வந்த ரயிலில் உடல் ‘கோனியாட்’ என்ற வேறொரு பெட்டியில் வந்தது. மனைவி எலினார் மெகல்லனில் வந்தார். பெட்டிக்குப் பெயர் தந்த மாலுமியும் தொடங்கிய பயணத்தை முடிக்காமல் வழியில் செத்தவர்தான்.

பெட்டியும் பதவியும் ட்ரூமனுக்கு வந்தன. மின்தூக்கியைக் கழற்றினார்கள். வேகமும் மாறியது. ரூஸ்வெல்ட்டின் 35 மைல், ட்ரூமனுக்கு 80 ஆனது. கூடத்துச் சுவரில் இருந்த வேகமானியை ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் 105 காட்டியது. ஆளனுப்பி, டிரைவரிடம் அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னார். காரணம் தம் உயிரைப் பற்றியது அல்ல. திடீரென்று பிரேக் போட்டால், கடைசியில் வரும் இந்தக் கவசப் பெட்டி முன்னால் உள்ள பெட்டிகளையெல்லாம் இஞ்சினோடு சேர்த்து நசுக்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். மிசூரிக்காரரின் புத்தி.

1946 மார்ச்சில் வின்ஸ்டன் சர்ச்சிலும் இதில் வந்தார், ‘இரும்புத் திரை’ உரை நிகழ்த்தப் போகும் வழியில். இரவெல்லாம் போக்கர். சர்ச்சிலுக்கு ஆட்டம் அவ்வளவாக வராது. அவர் சற்று எழுந்து போன நேரத்தில், விருந்தாளியை மொட்டையடிக்காதீர்கள் என்று ட்ரூமன் தம் ஆட்களிடம் சொன்னதாக உதவியாளர் கிளார்க் கிளிஃபோர்ட் நினைவுகூர்கிறார்.

இனி 1948. ட்ரூமன் தோற்பார் என்பது அந்த வருடம் வாதத்துக்கே இடமில்லாத உண்மையாக இருந்தது. அவருடைய கட்சியே மூன்றாக உடைந்திருந்தது. இடதுபக்கம் வாலஸ் தனிக் கட்சி கண்டார்; தென் மாநிலங்களின் நிறவெறியர்கள் ஸ்டிராம் தர்மண்டை நிறுத்தினார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி. மீசையும் மிடுக்கும் உள்ள, ஏற்கெனவே பதவி ஏற்றுவிட்டவரைப் போலப் பேசுகிற மனிதர். ட்ரூமனிடம் காசில்லை, பத்திரிகை ஆதரவில்லை. எழுதி வைத்ததை வாசித்தால் கேட்பவர்களுக்குத் தூக்கம் வரும். இருந்தது இந்தப் பெட்டிதான்.

ரயிலின் பின்மேடையில் நின்று ஓட்டுக் கேட்பது புதிதல்ல. 1896இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 18,000 மைல் ரயிலில் அலைந்து பேசினார். எதிராளி மெக்கின்லி வீட்டு வாசல் தாழ்வாரத்தை விட்டு இறங்காமலே ஜெயித்தார். அலைச்சலுக்கு ஓட்டு விழும் என்று வரலாறு உறுதி கொடுக்கவில்லை.

முதல் பயணம் ஜூன் மாதம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பெர்க்லியில் கௌரவப் பட்டம் தருகிறது. அதைப் பெறப் போகிறேன், இது அரசியல் பயணமே அல்ல என்றார். அரசியல் பயணம் என்றால் செலவு கட்சியுடையது. அதிகாரப் பயணம் என்றால் அரசாங்கத்துடையது. அந்த ‘அரசியல் அல்லாத’ பயணத்தில் 18 மாநிலங்களில் 73 பேச்சு! சொதப்பலுக்கும் குறைவில்லை. ஓமஹாவில் 10,000 பேர் அமரும் அரங்கில் 2,000 பேர் இருந்தார்கள். காலி நாற்காலிகளின் படம் நாடெங்கும் வந்தது. ஐடஹோவின் ஒரு சிற்றூரில் விமான நிலையம் திறக்கும்போது, நாட்டுக்காக உயிர் கொடுத்த வீர இளைஞனைப் புகழ்ந்து தள்ளினார். உண்மையில் அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்தவள் சாதாரண விமான விபத்தில் இறந்த ஓர் இளம்பெண். கூட்டத்தில் நின்ற தாய் திருத்தினார். ஓரிகனில், ஸ்டாலின் நல்ல ஆள்தான், ஆனால் பாவம், தம் ஆட்களிடமே கைதி என்று வாய்விட்டார். பெர்லின் முற்றுகை தொடங்கப் போகிற மாதத்தில்.

இருந்தாலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு, ரயில் பின்மேடையில் பத்து நிமிடம் மனதில் பட்டதைப் பேசியபோது மனிதர் வேறாகத் தெரிந்தார். குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான செனட்டர் ராபர்ட் டாஃப்ட்டுக்கு இது எரிச்சலூட்டியது. ரயில் விசிலடித்து நிற்கும் பட்டிக்காடு ஒவ்வொன்றிலும் போய் அதிபர் நாடாளுமன்றத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஃபிலடெல்ஃபியாவில் பேசினார். ஜனநாயகக் கட்சி அலுவலகம் சும்மா இருக்குமா? வழியிலுள்ள ஊர்களின் மேயர்களுக்கெல்லாம் தந்தி அடித்தது: உங்கள் ஊரை டாஃப்ட் இப்படிச் சொல்கிறாரே, ஒப்புக்கொள்கிறீர்களா? பதில்கள் காரமாக வந்தன. டாஃப்ட்டின் பெயரை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இன்னொரு முறை வருவார்.

செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனிலிருந்து பெரிய பயணம் புறப்பட்டது. அதன் நடைமுறை தினமும் ஒன்றேதான். நிலையத்தில் ரயில் நின்றதும் உள்ளூர்ப் பள்ளிப் பேண்டு வாசிக்கும். நீல வெல்வெட் திரையை விலக்கிக்கொண்டு ட்ரூமன் வெளியே வருவார். ஊரைப் பற்றி இரண்டு வரி. அந்த இரண்டு வரிகளுக்காக வாஷிங்டனில் சில இளைஞர்கள், பொருளாதார மந்த காலத்தில் வேலையற்ற எழுத்தாளர்களைக் கொண்டு அரசாங்கம் எழுதுவித்த மாநில வழிகாட்டி நூல்களைப் புரட்டிக் குறிப்பு எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ‘வேலை செய்யாத’ நாடாளுமன்றத்துக்கு அர்ச்சனை. கடைசியில், என் குடும்பத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டு மனைவி பெஸ்ஸை அழைத்து, இவர்தான் என் முதலாளி என்பார். பிறகு மகள் மார்கரெட், முதலாளிக்கும் முதலாளி. ரயில் நகரும். மார்கரெட் கூட்டத்தை நோக்கிப் பூ எறிவார். அடுத்த ஊர். பெஸ்ஸுக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கணவர் விடவில்லை.

அயோவாவின் டெக்ஸ்டரில் உழவுப் போட்டிக்குத் திரண்டிருந்த விவசாயிகளிடம் பேசியதை மட்டும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு சோளம் அமோக விளைச்சல், விலை இறங்கிக்கொண்டிருந்தது. அரசு ஆதார விலை வேண்டுமென்றால் தானியத்தை அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில் வைக்க வேண்டும். புதிய கிடங்குகள் அமைக்க அரசு நிறுவனத்துக்கு இருந்த உரிமையைக் குடியரசுக் கட்சி நாடாளுமன்றம் அதே ஆண்டு பறித்திருந்தது. வைக்க இடமில்லாமல் கிடைத்த விலைக்கு விற்க வேண்டிய நிலை. ட்ரூமன் இதை எடுத்துப் பேசினார். அப்போது பத்திரிகைகளில் பலரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. விவசாயிக்குப் புரிந்தது.

பணம்தான் பெரிய தலைவலி. ஓக்லஹோமா சிட்டியில் ரயிலை மேற்கொண்டு நகர்த்தக் கையில் காசில்லை. ஆளுநர் ராய் டர்னரும் நண்பர்களும் பெட்டியிலேயே உட்கார்ந்து வசூல் செய்த பிறகுதான் சக்கரம் உருண்டது. உலகத்தில் அணுகுண்டு வைத்திருந்த ஒரே நாட்டின் அதிபர், ரயில் கட்டணத்துக்குத் துண்டு ஏந்திய கதை இது.

டூயியும் ரயிலில்தான் போனார். அவருடைய ரயிலுக்கு ‘வெற்றி ரயில்’ என்று பெயர். எல்லாம் மணியடித்தாற்போல நடக்கும். அக்டோபர் 12 அன்று இல்லினாய்ஸின் சிற்றூர் ஒன்றில் அவர் பேசத் தொடங்கியபோது ரயில் திடீரென்று பின்னால், கூட்டத்தை நோக்கி, சில அடி நகர்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஒலிவாங்கி முன் நின்றிருந்த டூயி, இப்படி ஒரு பைத்தியக்கார டிரைவர் எனக்கு வாய்த்ததில்லை, விடியலில் சுட வேண்டிய ஆள், யாருக்கும் காயமில்லாததால் விட்டுவிடலாம் என்றார். டிரைவரிடம் நிருபர்கள் கேட்டபோது, டூயியைப் பற்றி முன்பு எவ்வளவு மதிப்பு வைத்திருந்தேனோ அதே மதிப்புதான் இப்போதும், அது அதிகமில்லை என்றார். ட்ரூமன் தரப்பு இதை விடவில்லை. ரயில்வேத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருந்த நாடு அது. ஒரே சாதனம், ஒரே மாதிரி மேடை. ஒருவரை உயர்த்தியது, மற்றவரை அவர் வாயாலேயே இறக்கியது.

அதே வாரம் நியூஸ்வீக் பத்திரிகை 50 அரசியல் நிருபர்களைக் கேட்டு ஒரு கணிப்பு வெளியிட்டது. ஐம்பது பேரும் டூயி. ஒரு நிலையத்தில் இறங்கி இதழை வாங்கிய கிளிஃபோர்ட், கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மெகல்லனில் ஏறி, அதிபரைத் தாண்டி நழுவப் பார்த்தார். ட்ரூமன் விடவில்லை. வாங்கிப் படித்துவிட்டு, இந்த ஐம்பது பேரையும் எனக்குத் தெரியும், எலி வளையில் மணல் அடைக்கிற அளவு புத்திகூட ஒருவனுக்கும் கிடையாது என்றார்.

நவம்பர் 2. ட்ரூமன் மிசூரியில் ஒரு விடுதியில் சாண்ட்விச்சும் மோரும் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார். விடிந்தபோது 303 தேர்வாளர் வாக்குகள் அவருக்கு; டூயிக்கு 189, தர்மண்டுக்கு 39. ஒஹாயோவில் வித்தியாசம் 7,107 ஓட்டு. கலிபோர்னியாவில் 17,865.

நவம்பர் 4 அன்று வாஷிங்டன் திரும்பும் வழியில் ரயில் செயின்ட் லூயியில் நின்றது. யாரோ ஒருவர் முந்தைய நாளின் ‘சிகாகோ டெய்லி டிரிப்யூன்’ தாளை அவர் கையில் கொடுத்தார். ‘டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்’ என்று கொட்டை எழுத்துத் தலைப்பு. மெகல்லனின் பின்மேடையில் நின்று அதை அவர் தூக்கிக் காட்டிச் சிரிக்க, கேமராக்கள் இயங்கின.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பதில்தான் டாஃப்ட் மறுபடி வருகிறார். 1947இல் அவர் முன்னின்று கொண்டுவந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தொழிற்சங்கங்களின் கையைக் கட்டியது; ட்ரூமன் அதைத் தம் அதிகாரத்தால் நிராகரித்தும் நாடாளுமன்றம் மீறி நிறைவேற்றியது. அதை ஒட்டி எழுந்த தகராறில் சிகாகோவின் அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். டிரிப்யூன் அலுவலகத்தில் செய்தியைத் தட்டச்சு செய்து, படமெடுத்து, பிளாக் செய்து அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சுற்றுவழியில் பக்கத்தை வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்பே முடித்தாக வேண்டும். ஓட்டு எண்ணி முடியும்வரை காத்திருக்க முடியாமல், வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கின் கணிப்பை நம்பி அச்சேற்றினார்கள். 1,50,000 பிரதிகள் வெளியே போய்விட்டன. டாஃப்ட் கேலி செய்த ரயிலுக்கு, டாஃப்ட்டின் சட்டமே ஒரு தலைப்பைத் தயார் செய்து கொடுத்தது.

ரயில்தான் ட்ரூமனை ஜெயிக்க வைத்தது என்று அமெரிக்கர்கள் பாசத்தோடு சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி. சோள விலை இருந்தது. தொழிற்சங்கங்களின் கோபம் இருந்தது. படைகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க ஜூலை 26 அன்று அவர் போட்ட ஆணையும், அதனால் வந்த கறுப்பின மக்களின் ஓட்டும் இருந்தன. தாம் ஜெயித்தாயிற்று என்று நம்பி டூயி எதையும் சொல்லாமலே பேசிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். 1944இல் டூயி பக்கம் நின்ற அயோவாவும் ஒஹாயோவும் விஸ்கான்சினும் இம்முறை மாறின. இத்தனை காரணங்களும் ரயில் இல்லாமலே இருந்திருக்கும். ஆனால் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய், அந்தந்த ஊர்க் குறையாக மாற்றிச் சொல்ல ஒரு மேடை வேண்டியிருந்தது. எந்தத் துப்பாக்கியும் துளைக்காத பெட்டிக்குப் பின்னால், மழைக்குக்கூட முழுசாய் மறைப்பில்லாத ஒரு சிறு மேடை.

அதன் பிறகு பெட்டியின் காலம் சட்டென்று முடிந்தது. அதிபர்கள் விமானத்துக்கு மாறினார்கள். அடுத்து வந்த அதிபர் ஐசனோவர் அபூர்வமாகவே இதைத் தொட்டார். 1954 ஜனவரியில் அவர் மனைவி மேமி, உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸுக்குப் பெயர்சூட்ட கனெக்டிகட் போனதே கடைசி அதிகாரப் பயணம். 1958இல் வேண்டாத பொருள் என்று முத்திரை விழுந்தது. ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்திடம் கேட்டுப் பார்த்தார்கள், எடுத்துக்கொள்ளவில்லை. 129 டன்னை எங்கே நிறுத்துவது? கடைசியில் ஃபுளோரிடாவின் கோல்ட் கோஸ்ட் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனது.

கால் நூற்றாண்டு கழித்து வெள்ளை மாளிகை அதைத் திரும்பத் தேடி வந்தது, வாடகைக்கு. 1984 அக்டோபர் 12 அன்று குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் ஒஹாயோவில் டேட்டனிலிருந்து பெரிஸ்பர்க் வரை சுமார் 120 மைல் இதில் போனார். 1948இல் ட்ரூமன் போன அதே தடம். நின்ற ஊர்களும் பெரும்பாலும் அவையே. பேச்சில் ட்ரூமனைத் தாராளமாகத் துணைக்கு அழைத்தார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள், எங்கள் ஆளை எங்கள் பெட்டியில் ஏறித் திருடுகிறாரே என்று. ஆனால் ரீகனுக்கு அதில் ஓர் உரிமை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். 1948 செப்டம்பரில் மெகல்லன் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது, கில்மோர் அரங்கில் ட்ரூமனோடு மேடையில் இருந்த ஹாலிவுட் நடிகர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்.

1985இல் பெட்டி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி அருங்காட்சியகத்தின் கட்டடங்களைப் பிய்த்தெறிந்தது. மெகல்லன் பிழைத்துக்கொண்டது. 1942இல் பூட்டிய கவசம் அதுவரை ஒரு குண்டையும் சந்தித்ததில்லை, காற்றைச் சந்தித்தது.

இன்று அது மயாமி விலங்குக் காட்சிச் சாலைக்குப் பக்கத்திலுள்ள அந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மயாமிக்குப் போகும் தமிழர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி இதையும் பாருங்கள். ட்ரூமன் படத்தை மட்டும் தேடிப் போகாமல், ஹானெகன் வந்து பேசிய அந்தக் கூடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அணுகுண்டு வீச ஆணையிட்ட மனிதரை அதிபர் நாற்காலிக்கு அனுப்பிய முடிவு முக்கால்வாசி அங்கேதான் எடுக்கப்பட்டது.